ஓட்டின் விலை

கொடைக்கானல் மலைச்சரிவில் பெய்யும் மழை சோத்துப்பாறை அணையில் தேங்கி, வராக நதியாக இறங்கி, பெரியகுளம், வடுகபட்டி, மேல்மங்கலம், ஜெயமங்கலம் என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு குள்ளப்புரம் பக்கம் போய் வைகையோடு சேர்கிறது. வைகை மதுரையைத் தாண்டி, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் தன் நீரில் பெரும்பகுதியை விட்டுவிட்டு, மிச்சம் இருந்தால் ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் விரிகுடாவில் கலக்கிறது. மிச்சம் இருப்பது எல்லா ஆண்டும் நடப்பதல்ல. ஆனாலும் வராக நதி ஓடும் தேனி மாவட்டத்துக்குக் கடல் என்று ஒன்று உண்டு என்றால் அது பாக் விரிகுடாதான்.

வழிநெடுக இந்த நீர் ஒரு வேலையும் செய்கிறது. மழைத்துளி காற்றிலிருந்து கொஞ்சம் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்ளும். வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடும் மண்ணுக்குள் இறங்கும்போது இன்னும் நிறையக் கரைத்துக்கொள்ளும். அப்போது அது மிக மெல்லிய கார்பானிக் அமிலம். அந்த அமிலம் மலைப்பாறையை அரித்து, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிரித்தெடுக்கும்; தானும் பைகார்பனேட்டாக மாறி ஆற்றோடு போகும். கடல்நீர் காரப் பக்கம் சாய்ந்திருக்கிறதே, அதற்குப் பெரும் காரணம் உலகத்து ஆறுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சுமந்துவந்து கொட்டிய இந்தப் பாறைச்சாறுதான். உலக ஆறுகளின் சராசரியை எடுத்தால் ஒரு லிட்டர் நீரில் கால்சியம் ஏறத்தாழ 15 மில்லிகிராம். கடலில் 400 மில்லிகிராமுக்கும் மேல். மக்னீசியம் 1,300-ஐ ஒட்டி. பாக் விரிகுடாவின் நண்டும் இறாலும் ஓடு கட்டுவது இந்தச் சேமிப்பிலிருந்து.

அதே கரியமில வாயுதான் இப்போது எதிர்வேலையும் செய்கிறது. வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. மலை வழியாக வரும் கரியமில வாயு, பாறையோடு மோதித் தன் அமிலத்தைச் செலவழித்துவிட்டுத்தான் கடலுக்கு வருகிறது. புகைபோக்கியிலிருந்தும் வண்டிக் குழாயிலிருந்தும் வருவதோ நேராகக் காற்றில் ஏறி, கடல்பரப்பில் அப்படியே கரைகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் அதன் அளவு பத்து லட்சத்தில் 280 பங்கு. சார்லஸ் டேவிட் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. மனிதர் வெளிவிடுவதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கடல் விழுங்குகிறது. அப்படி விழுங்கியதில் கடல்பரப்பின் பி.எச். அளவு சுமார் 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. இது மடக்கை அளவீடு என்பதால் பார்வைக்கு அற்பமாகத் தெரிகிறது. ஹைட்ரஜன் அயனிகளை எண்ணிப் பார்த்தால் கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. புகை இப்படியே பெருகிக்கொண்டிருந்தால் இந்த நூற்றாண்டின் முடிவில் பி.எச். 7.8-க்கும் கீழே போகலாம் என்று மாதிரிக் கணக்குகள் சொல்கின்றன. ஏழுக்கு மேல் இருக்கும்வரை அது காரநீர்தான். கடல் புளித்துப்போகப் போவதில்லை. அறிவியலாளர்கள் 'கடல் அமிலமயமாதல்' என்று சொல்வது சாயும் திசையை. பாறைகள் மறுபடி கரைந்து இந்தக் கணக்கை நேர் செய்ய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும்.

இந்தச் செய்தியைச் சொல்லும் பலரும் உடனே ஒரு படத்தைக் காட்டுவார்கள்: சங்கின் ஓடு அரிபட்டு, வெளுத்து, ஓட்டை விழுந்து கிடக்கும் படம். பள்ளியில் முட்டையை வினிகரில் போட்டு ஓட்டைக் கரைத்த சோதனை நினைவுக்கு வந்துவிடும். சிப்பிக்கும் பவளத்துக்கும் அந்தக் கவலை நியாயமானது. அமெரிக்காவின் ஓரிகன் கரையில் சிப்பிக் குஞ்சு பொரிப்பகங்கள் 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குஞ்சுகளைக் கூட்டம் கூட்டமாக இழந்தன. கடலடியிலிருந்து மேலெழும் கரியமிலம் மிகுந்த நீரே காரணம் என்று பிறகு கண்டார்கள். ஆனால் நண்டையும் இறாலையும் அதே படத்துக்குள் அடைப்பது தவறு. இவற்றின் ஓடு வேறு வகைக் கட்டுமானம்.

நண்டின் ஓட்டில் கைட்டின் என்னும் நாரும் புரதமும் பின்னிய பாய்தான் அடித்தளம். அந்தப் பாயின் இழைகளுக்கு நடுவே கால்சியம் கார்பனேட் படிகிறது. எல்லாவற்றுக்கும் மேலே மெழுகும் புரதமுமாக ஒரு மெல்லிய தோல் போர்த்தியிருக்கிறது. வெளிநீர் சுண்ணாம்பை நேராகத் தொடுவதில்லை. மேலும், பல உயிர்கள் ஓடு கட்டக் கடலில் உள்ள கார்பனேட் அயனியை நம்பியிருக்கும்போது, நண்டினம் பைகார்பனேட்டை எடுத்து, தன் தோலுக்கு அடியிலேயே ஹைட்ரஜனை வெளியே தள்ளி, வேண்டிய கார்பனேட்டைச் செய்துகொள்கிறது. கடல் கரியமிலத்தை விழுங்கும்போது குறைவது கார்பனேட். பைகார்பனேட் கூடத்தான் செய்கிறது. ஜஸ்டின் ரீஸும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட சோதனையில், ஓடுள்ள 18 வகை உயிர்களைக் கரியமிலம் மிகுந்த நீரில் வளர்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவை சுண்ணாம்பு படிவதில் பின்தங்கின. அட்லாண்டிக் நீலநண்டு, அமெரிக்கச் சிங்கி இறால், ஓர் இறால் வகை ஆகிய மூன்றும் மட்டும், மிக அதிக அளவிலும்கூட முன்பைவிடக் கூடுதலாகச் சுண்ணாம்பு ஏற்றின.

அந்த முடிவு வந்ததும் 'நண்டு பெருக்கும், கவலை வேண்டாம்' என்ற தலைப்புகள் எழாமல் இல்லை. எனக்கு அது அவசரமாகப் படுகிறது. ஓடு தடித்ததா என்பதல்ல கேள்வி. அதற்கு அந்த விலங்கு எதைக் கொடுத்தது என்பதே. கலிபோர்னியாவின் சிவப்புப் பாறை இறாலில் 2015-இல் ஜெனிஃபர் டெய்லரும் சக ஆய்வாளர்களும் செய்த வேலை இதற்கு நல்ல விடை. பி.எச். 7.5 அளவுள்ள நீரில் மூன்று வாரம் வைத்ததும் ஓட்டில் கால்சியம் கூடியது. கூடவே அந்த இறாலின் கண்ணாடித்தன்மை ஐந்தில் ஒன்றாகக் குறைந்துபோனது. கண்ணாடிபோல ஊடுருவித் தெரிவதே அதற்குத் தப்பிக்கும் வழி. கால்சியம் கூடிய ஓட்டோடு அது மீனின் கண்ணில் பளிச்சென்று படும். எடை மிகுந்த கவசம் போட்டவன் ஒளிய முடியாமல் நிற்கும் நிலை.

செலவு உடலுக்குள்ளும் நடக்கிறது. வெளிநீரில் கரியமிலம் கூடினால் அது செவுள் வழியே நண்டின் இரத்தத்துக்குள்ளும் புகும். இரத்தம் அமிலமாகாமல் இருக்க, நண்டு தன் செவுளில் உள்ள அயனி எந்திரங்களை ஓட்டி, பைகார்பனேட்டை உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பியக் கரைநண்டு இதில் கெட்டிக்காரன். சில மணி நேரத்தில் இருந்து ஒன்றிரண்டு நாளுக்குள் இரத்தத்தைச் சரிசெய்துகொள்ளும். ஆழ்கடல் நண்டுகளுக்கு அந்தத் திறமை குறைவு. மாறாத நீரில் வாழ்ந்தவற்றுக்கு அது தேவைப்படவே இல்லை. கழிமுக உயிர்களோ தினமும் மாறும் நீரில் பழகியவை. முத்துப்பேட்டை, பிச்சாவரம் அலையாத்திக் காடுகளின் சேற்றில் வளையிலிருக்கும் களி நண்டு, இலைமக்கு அழுகி அமிலமேறிய நீரிலும் உப்பு ஏறி இறங்கும் நீரிலும் நாள்தோறும் புழங்குவது. பாக் விரிகுடா மீனவரின் நண்டு வலையில் படும் நீலக்கால் நண்டு இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது: கரையோரத்திலும் வாழும், நல்ல கடலும் வேண்டும். செவுளின் இந்த எந்திரங்களை ஓட்ட ஆற்றல் தேவை. இரை நிறையக் கிடைக்கும் நண்டு அதைச் சமாளிக்கும். கிடைக்காதது வளர்ச்சியையோ முட்டையையோ குறைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

செலவு உச்சத்துக்குப் போவது சட்டை உரிக்கும் நாளில். நண்டும் இறாலும் பழைய ஓட்டைக் கழற்றாமல் வளர முடியாது. கழற்றுவதற்கு முன்னால் பழைய ஓட்டின் சுண்ணாம்பில் ஒரு பகுதியை இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும். உள்ளே மெல்லிய புதுத்தோல் தயாரானதும் பழையது பின்பக்கம் பிளக்கும். நண்டு முதுகுப்புறமாக வெளியே வரும். வந்ததும் நீரை விழுங்கி உடலை ஊதவைத்து, அந்த அளவிலேயே புது ஓட்டை இறுகவைக்கும். இந்தக் கட்டத்தில் பிடிபடும் நண்டைக் கையில் எடுத்தால் கனம் இருக்காது, உடைத்தால் சதைக்குப் பதில் நீர்தான் வரும். 'தண்ணி நண்டு' என்று சொல்லிக் கரையில் விலை குறைத்துவிடுவார்கள். களி நண்டாக இருந்தால் சில வாரம் தீனி போட்டுத் தேற்றி விற்பதே ஒரு தொழில். புது ஓட்டுக்குத் தேவையான கால்சியத்தில் பெரும்பகுதியைக் கடல்நண்டு நீரிலிருந்தே செவுள் வழியாக உறிஞ்சுகிறது. உறிஞ்சும் ஒவ்வொரு கால்சியத்துக்கும் பைகார்பனேட்டுக்கும் கணக்காக ஹைட்ரஜனை வெளியே தள்ள வேண்டும். வெளியே ஏற்கெனவே ஹைட்ரஜன் கூடிக் கிடந்தால் தள்ளுவது கடினம். ஓடு இறுக ஆகும் நேரம் நீண்டால், அத்தனை நேரமும் அது பக்கத்து நண்டுக்குக்கூட இரை. நண்டுகள் சட்டை உரித்த தம் இனத்தையே தின்பவை.

தேனி வயல்களில் வளை தோண்டும் நண்டை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் 'கள்வன் பத்து' என்று தனியாகப் பத்துப் பாட்டு பெற்ற உயிர் இந்த வயல்நண்டுதான். அதற்குக் கிடைப்பது கடலில் இருப்பதில் சிறு பங்கு கால்சியம் உள்ள நீர். ஆகவே நன்னீர் நண்டினம் கால்சியத்தை வீணாக்காது: சட்டை உரிக்கும் முன் பழைய ஓட்டின் சுண்ணாம்பைக் கூடியவரை மீட்டுக்கொள்ளும், சில வகைகள் அதை இரத்தத்திலேயே பொடியாகச் சேமித்துவைக்கும், கழற்றிய ஓட்டைத் தின்றுவிடுவதும் உண்டு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வயல்நண்டு நீரில் மிதக்கும் குஞ்சுகளை விடுவதில்லை. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, சிறு நண்டாகவே வெளிவந்து தாயின் வயிற்று மடலில் ஒட்டிக்கிடக்கும். வறுமையான நீரில் பிழைக்க நண்டினம் கண்டுபிடித்த வழி, மிதக்கும் குழந்தைப் பருவத்தையே கைவிடுவது. அந்த வழிக்கு எடுத்துக்கொண்ட காலம் மிக நீண்டது.

கடல்நண்டுக்கு அந்தப் பருவம்தான் பலவீனம். நீலக்கால் நண்டின் சினை முதலில் மஞ்சளாக, ஆரஞ்சாக வயிற்றடியில் ஒட்டியிருக்கும். குஞ்சின் கண் வளர வளரக் கறுக்கும். ஒரு தாயிடம் பல லட்சம் முட்டைகள். பொரித்து வருவது நண்டுபோலவே இருக்காது. முள்ளும் பெரிய கண்ணுமாக மிதக்கும் ஜோயியா, அதில் நான்கு நிலை, பிறகு மெகலோப்பா, அதன் பிறகே நண்டு உருவம். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சட்டை உரிப்பு. இறால் இன்னும் மோசம்: நாப்ளியஸ், ஜோயியா, மைசிஸ் என்று சில நாளுக்குள் பத்துக்கும் மேற்பட்ட முறை உரிக்க வேண்டும். இந்தப் பருவத்தில் செவுளின் எந்திரங்கள் முழுதாக வேலைக்கு வந்திருக்காது. சேமிப்பும் கிடையாது.

அலாஸ்காவின் கோடியாக் ஆய்வகத்தில் செந்நிற ராஜநண்டின் இளங்குஞ்சுகளை வளர்த்துப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான முடிவு: பி.எச். 7.8-இல் வளர்ச்சி மந்தம், 7.5-இல் 95 நாளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஜப்பானில் ஹருகோ குரிஹாராவும் மற்றவர்களும் சிறு இறால் வகை ஒன்றை 30 வாரம், கரியமிலம் 1,000 பங்கு அளவில் வைத்தார்கள். சாதாரண நீரில் பத்தில் ஒன்பது பிழைத்தன. மிகுந்த நீரில் பாதிக்குச் சற்று மேல்தான். இது 2008-இல் வெளியானது. சில வாரச் சோதனைகள் 'பாதிப்பில்லை' என்று சொல்லும்போது நான் ஐயப்படுவதற்குக் காரணம் இந்த ஆய்வுதான். தொட்டியில் இருந்த இறால் உடனே சாகவில்லை, மெதுவாகத்தான் குறைந்தது. இயற்கையில் இருந்தும் ஒரு சான்று உண்டு. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் 2016-இல் சேகரித்த டஞ்சனஸ் நண்டின் மெகலோப்பாக்களில் ஓடு அரிபட்டிருப்பதையும், நீரின் அசைவை உணரும் நுண்முடிகள் சிதைந்திருப்பதையும் நினா பெட்னார்ஷெக் குழு 2020-இல் எழுதியது. மெழுகுத்தோல் காப்பாற்றும் என்ற வாதம் வளர்ந்த நண்டுக்கு. குஞ்சின் தோல் அத்தனை கெட்டி இல்லை. எதிர்ப்பக்கத்தில், கரீபியக் கரையின் ஒரு மாண்டிஸ் இறாலை மாதக்கணக்கில் அமில நீரில் வைத்தும் அதன் குத்தும் கை பழுதாகவில்லை என்ற ஆய்வும் இருக்கிறது. அது பவளத் திட்டின் பொந்துகளில், ஏறி இறங்கும் நீரில் வாழ்வது. எந்த நீரில் பழகியது என்பதே பெரும்பாலும் விடையைத் தீர்மானிக்கிறது.

புலன்களும் வேதியியலுக்குக் கட்டுப்பட்டவை. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் காட்டியது விந்தையானது. முட்டை சுமக்கும் கரைநண்டு, முட்டைகளுக்கு நல்ல நீர் போய்ச்சேர வயிற்றை விசிறும். எப்போது விசிற வேண்டும் என்பதை நீரில் கரைந்த சிறு புரதத் துண்டுகள் சொல்கின்றன. பி.எச். குறைந்தால் அந்த மூலக்கூறுகளின் உருவமும் மின்னேற்றமும் மாறுகின்றன, 7.7-இல் அதே செய்கையைத் தூண்டப் பத்து மடங்கு வரை கூடுதல் வேண்டியிருந்தது. கரியமில ஊற்றுகள் கொப்பளிக்கும் கடலடிப் பாறைகளில் ஒலிப்பதிவு செய்தவர்கள், சொடுக்கு இறால்களின் படபட ஓசை அங்கே அடங்கிப்போயிருப்பதைக் கேட்டார்கள். ஸ்வீடனில் குளிர்கடல் இறாலைக் குறைந்த பி.எச். நீரில் மூன்று வாரம் வைத்து, சமைத்து, சுவைப்போரிடம் கொடுத்தே பார்த்துவிட்டார்கள். ருசியும் தோற்றமும் குறைந்தன என்று சொல்லிவிட்டார்கள். 2014-இல் வெளியான இந்த ஆய்வு வேடிக்கையாகத் தோன்றலாம். இறால் விற்றுப் பிழைக்கும் நாட்டுக்கு அது வேடிக்கை இல்லை. 2023-24-இல் இந்தியாவின் கடலுணவு ஏற்றுமதி 60,523 கோடி ரூபாய். அதில் உறைந்த இறால் மட்டும் 40,013 கோடி.

இனி நம் கடலுக்கு வருவோம். பாக் விரிகுடாவின் சராசரி ஆழம் 9 மீட்டர்தான். தென்னை உயரம்கூட இல்லாத இந்த ஆழத்தில் வெயில் அடிவரை இறங்குவதால் பரந்த கடற்புல் வெளிகள் உண்டு. 2022 செப்டம்பரில் தமிழக அரசு 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்ததற்குக் காரணம் இந்தப் புல்தான். வரி இறாலின் குஞ்சுகளும் நீலக்கால் நண்டின் குஞ்சுகளும் வளரும் இடமும் இதுவே. பகலில் புல் ஒளிச்சேர்க்கை செய்து நீரிலுள்ள கரியமிலத்தை இழுத்துக்கொள்ளும், பி.எச். ஏறும். இரவில் புல், பாசி, மண்ணிலுள்ள நுண்ணுயிர் எல்லாம் மூச்சு மட்டும் விடும். கரியமிலம் சேரும், ஆக்ஸிஜன் இறங்கும், பி.எச். விடியும் முன் அடிமட்டத்துக்குப் போகும். திறந்த பெருங்கடல் இருநூறு ஆண்டில் கண்ட மாற்றத்தைவிடப் பெரிய ஏற்ற இறக்கத்தைப் புல்வெளி ஒரே நாளில் காண முடியும். அப்படியானால் இங்கே வளரும் குஞ்சுகளுக்கு அமிலமயமாதல் பழகிய விஷயம்தானே என்று கேட்கலாம். பாதி சரி. பகல் என்ற ஓய்வு இருப்பதால்தான் இரவைத் தாங்குகின்றன. அடித்தள அளவு ஆண்டுக்காண்டு இறங்கினால் இரவின் பள்ளம் இன்னும் ஆழமாகும். புல் அழிந்தாலோ பகலின் ஏற்றமே இல்லாமல் போகும்.

வங்கக் கடலுக்கென்று இன்னொரு இயல்பும் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி என்று பேராறுகள் கொட்டும் நன்னீரால் அதன் மேல்நீர் உப்பும் காரமும் குறைந்தது. அமிலத்தைத் தாங்கிச் சமன்செய்யும் வலு அப்படிப்பட்ட நீருக்குக் குறைவு. வாடைக்காற்றுக் காலத்தில் அந்த உப்புக் குறைந்த நீர் தமிழகக் கரையோரமாகத் தெற்கே இறங்கிப் பாக் விரிகுடாவையும் தொடும். விசாகப்பட்டினத்தில் உள்ள தேசியக் கடலியல் நிறுவன மையத்தைச் சேர்ந்த வி.வி.எஸ்.எஸ். சர்மாவும் உடனிருந்தோரும் 2015-இல் எழுதிய ஆய்வு, வங்கக் கடலின் மேற்குக் கரையோர நீரில் பி.எச். குறையும் வேகத்துக்குக் கரியமிலம் மட்டும் காரணமல்ல, நிலத்திலிருந்து காற்றில் வரும் சல்பேட், நைட்ரேட் மாசும் சேர்ந்தே காரணம் என்றது. அனல்மின் நிலையப் புகையும் வாகனப் புகையும் நேராகவே கடலில் அமிலமாக விழுகின்றன. உலகப் பிரச்சினை என்று சொல்லிக் கைகழுவ முடியாத பங்கு இது.

2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு வேதியியல் பாடமே தேவையில்லை. மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகக் குழம்பியது. நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் பெருகியதால் வந்த நிறம். பெருகியது மடிந்து அழுகியபோது ஆக்ஸிஜன் வற்றி, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. சிங்கிள் தீவு, குருசடை, பூமரிச்சான் அருகே பவளங்களும் மடிந்ததைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் பதிவு செய்தனர். ஆக்ஸிஜனைத் தின்னும் ஒவ்வொரு அழுகலும் அதற்கு ஈடாகக் கரியமிலத்தை நீருக்குள் விடுகிறது. எனவே மூச்சுமுட்டலும் அமிலமும் எப்போதும் ஒன்றாகவே வருகின்றன. பெருங்கடல் நூறாண்டில் அடையப்போகும் பி.எச்.சைச் சாக்கடை கலக்கும் ஒரு கழிமுகம் ஒரே வாரத்தில் தொட்டுவிடலாம்.

இத்தோடு வெப்பம் சேர்கிறது. கரியமிலம் மிகுந்த நீரில் நண்டுகள் வெப்பத்தைத் தாங்கும் எல்லையும் குறுகுகிறது என்று ஜெர்மனியின் ஹான்ஸ்-ஓட்டோ போர்ட்னர் குழு வடகடல் நண்டுகளில் காட்டியிருக்கிறது. அமிலத்தைச் சமாளிக்கவே ஆற்றல் போய்விட்டால், சூடு ஏறும்போது இதயமும் செவுளும் ஆக்ஸிஜனுக்கு ஓட மிச்சம் இருக்காது. குளிர்நாட்டு நண்டுக்கு மேலே இன்னும் சில டிகிரி இடம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் 30 டிகிரியைத் தாண்டும் ஆழமில்லாத பாக் விரிகுடாவில் அந்த இடம் ஏற்கெனவே சிறுத்துவிட்டது. குளிர்கடலில் செய்த சோதனை எண்ணை எடுத்து நம் கடலுக்குப் பொருத்திப் பயமுறுத்துவதையோ ஆறுதல் சொல்வதையோ நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

வேதியியலை அன்றாடம் கையில் வைத்திருப்பவர்கள் இறால் பண்ணைக்காரர்கள். 1990-களில் நாகப்பட்டினம் கரையோரத்தில் நெல்வயல்கள் குட்டைகளாக மாறியதும், வெள்ளைப்புள்ளி நோய் வந்து குட்டைகள் காய்ந்ததும், சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் தனிக்கதை. 2009-க்குப் பிறகு வந்த வனாமி இறாலோடு தொழில் வேறு வடிவம் எடுத்தது. வனாமி வளர்ப்பவர் காலையும் மாலையும் பி.எச். பார்ப்பார், இரண்டுக்கும் இடையில் அரைப் புள்ளிக்கு மேல் வேறுபடக் கூடாது என்பது அவர் கணக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறால் சட்டை கழற்றும் என்று அதற்கு முன்பே மினரலும் டோலமைட்டும் போடுவார். அந்த இரவுகளில் ஏரேட்டரை நிறுத்தமாட்டார். ஓடு தளர்ந்து, தசைக்கும் ஓட்டுக்கும் நடுவே இடைவெளி விழும் 'லூஸ் ஷெல்' வந்தால் கொள்முதல் விலை விழுந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். ஹரியானா, பஞ்சாப் மாநிலங்களில் கடலே இல்லாத ஊர்களில் உவர்நிலத்தடி நீரில் வனாமி வளர்க்கிறார்கள். அந்த நீரில் உப்பு போதும், பொட்டாசியம் போதாது. கடல்நீரில் சோடியம், பொட்டாசியம் விகிதம் 28-க்கு ஒன்று என்பதைப் பார்த்துப் பொட்டாஷ் உரம் கரைத்துச் சரிசெய்தால்தான் இறால் பிழைக்கிறது. இறாலுக்கு உப்புநீர் போதாது, கடலின் கணக்கு வேண்டும் என்பதைக் கடலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் காசு கொடுத்துக் கற்றிருக்கிறார். குட்டையில் இதைச் சுண்ணாம்பு மூட்டையால் தீர்க்கலாம். விரிகுடாவில் முடியாது.

விரிகுடாவில் செய்யக்கூடியவை வேறு, அவை புதியவையும் அல்ல. இழுவைமடி புல்லை வேரோடு வாரிப்போவதை நிறுத்துவது முதல் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் மட்டும் அதற்குப் போதாது, மிச்ச நாளெல்லாம் மடி புல்லின் மேல்தான் ஓடுகிறது. கறுத்த சினையுள்ள நண்டை வலையிலிருந்து எடுத்துக் கடலில் விடுவது மீனவர் சம்மதித்தால் நாளையே நடக்கும். ஆனால் சினை நண்டுக்கும் விலை கொடுத்து வாங்கும் கம்பெனிகள் இருக்கும்வரை அவர் ஒருவரிடம் மட்டும் தியாகம் கேட்பது நியாயமில்லை, கட்டுப்பாடு கொள்முதலில் தொடங்க வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விடுவதை நிறுத்தினால் அழுகலும் அமிலமும் சேர்ந்து வரும் நாட்கள் குறையும். வைகை வெள்ளத்தில் ஒரு பங்கு கடலைத் தொட வேண்டும் என்பதும் வெறும் மீன்வளக் கோரிக்கை அல்ல, பைகார்பனேட்டும் அதில்தான் வருகிறது. ஆனாலும் ஒரு சிற்றாறு தரும் காரம் காற்றில் 420 பங்காக ஏறிவிட்ட கரியமிலத்துக்கு ஈடாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன்.

அளவெடுப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படகில் போய்ப் பகல் பத்து மணிக்கு மேல்நீரை மொண்டு அளந்தால் புல்வெளியின் பி.எச். எப்போதும் அழகாகவே இருக்கும். குஞ்சு நண்டு உயிரோடு போராடுவது விடியும் முன், காற்று அடங்கிய நாளில், நீரின் அடிமட்டத்தில். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டப மையம் இன்று வரி இறால் குஞ்சுகளைப் பொரிக்கவைத்துப் பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் விடுகிறது. விடும் இடத்தின் அடிநீரில் ஒரு பி.எச். கருவியும் ஓர் ஆக்ஸிஜன் கருவியும் இரவு முழுக்கப் பதிவு செய்தால், எந்த மாதம், எந்தப் புல்வெளி, எந்த நேரம் குஞ்சுக்குத் தாங்கும் என்று அந்த ஊர் நீரே சொல்லும். பண்ணைக்காரர் ஒரு ஏக்கர் குட்டைக்கு அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து செய்வதும் இதைத்தான்.